ஒரே கிணற்றில் இரண்டு மோட்டார்

1998-ஆம் ஆண்டு ஏப்ரல் 23, வியாழக்கிழமை, முற்பகல் பதினொன்று இருபதுக்கு எங்கள் கிணற்றடியில் இரண்டாவது மோட்டார் ஓடத் தொடங்கியது. லைன்மேன் கம்பத்திலிருந்து இறங்கித் தலையை அசைத்தார். அம்மா ஸ்டார்ட்டரின் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத் தொட்டியில் தண்ணீரைக் கொட்டியது. அம்மா தண்ணீரைப் பார்க்கவில்லை. கிணற்றுக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வீட்டு வாசலைப் பார்த்தாள். பெரியம்மா வெளியே வந்து நிற்கிறாளா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. நின்றாள். அன்று மதியம் அம்மா வழக்கத்தைவிட அதிகமாகச் சோறு உண்டாள்.

கிணறு ஒன்று, பங்கு இரண்டு. சின்னாளபட்டிக்குத் தெற்கே, நிலக்கோட்டை போகும் பக்கம், சாலையை ஒட்டிய நிலம். ஒரு பாதி அப்பாவின் அண்ணனுடையது, மறுபாதி அப்பாவுடையது. இரண்டு பாதியிலும் மல்லிகை. ஒருநாள் அவர்கள் தண்ணீர் எடுக்க வேண்டும், மறுநாள் நாங்கள். இதற்கு முறை என்று பெயர். மின் இணைப்பும் மோட்டாரும் பெரியப்பாவுக்கு மட்டுமே இருந்தன. அப்பா இருந்தவரை அந்த மோட்டார் இரு முறைக்கும் ஓடியது. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அவர் இறந்தார். அதன் பிறகும் எங்கள் முறைக்கு அது ஓடியது. ஆனால் அதுவரை உரிமையாக இருந்தது அன்றிலிருந்து தயவாக மாறியது.

தயவுக்குக் கூலி உண்டு. மல்லிகையை மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும். வெயில் ஏற ஏற மொட்டு இளகிவிடும், சந்தையில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். விடியும் முன்பே எழுந்து நானும் அம்மாவும் முதலில் பெரியப்பாவின் தோட்டத்தில் பறித்தோம். அது முடிந்த பிறகே எங்கள் தோட்டத்துக்கு வந்தோம். அதற்குள் வெயில் வந்திருக்கும். எங்கள் கூடை எப்போதும் இரண்டாந்தரமாகவே திண்டுக்கல் பூச்சந்தைக்குப் போனது.

விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். மீட்டர் கிடையாது. எங்கள் முறையில் மோட்டாரை எவ்வளவு நேரம் ஓட்டினாலும் பெரியப்பாவுக்குச் செலவென்று எதுவும் இல்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமக்கு ஒன்றும் குறையாத நிலையிலும் ஒருவரால் இன்னொருவருக்கு இல்லை என்று சொல்ல முடியும் என்பதை நான் அங்கேதான் கற்றேன். எங்கள் செடிகள் பாதி நனையும்போதே பெரியம்மா வந்து மோட்டாரை நிறுத்துவாள்.

“ஓசிக் கரண்டுதான் பெரியம்மா, இன்னும் செத்த நேரம் ஓடட்டுமே” என்று ஒருமுறை கேட்டேன்.

“கரண்டு ஓசி. மோட்டாரு ஓசியா? காயில் எரிஞ்சா ஒங்கப்பன் கல்லறையில இருந்து எந்திரிச்சு வந்து கட்டிக் குடுப்பானா?”

அம்மா வாய்க்காலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்தது. மண்வெட்டியால் மடையை அடைத்துவிட்டு, மறுநாள் விடியலில் வழக்கம்போலப் பெரியப்பா தோட்டத்துப் பூவைப் பறிக்கப் போனாள். அப்பாவின் பங்குக்குத் தனி இணைப்பு கேட்டு அவள் எழுதிக் கொடுத்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வரிசை நீளம் என்றார்கள். அவள் காத்திருந்தாள். அத்தனை ஆண்டுகளும் வாயைத் திறக்காமல் அவள் என்ன சேர்த்து வைத்தாள் என்பது, இணைப்பு வரும் என்று தெரிந்த வாரத்தில் மோட்டார் கடையில் எனக்குப் புரிந்தது.

கடைக்காரர் நல்லவர். “அஞ்சு குதிரை போதும்க்கா. ரெண்டு பேரும் எறைக்கிற கெணறு” என்றார்.

“அவுக போட்டிருக்கது எம்புட்டு?”

“அஞ்சுதான். நாந்தான் குடுத்தேன்.”

“அப்ப எனக்கு ஏழரை.”

“தண்ணி அம்புட்டு இல்லையேக்கா.”

“தண்ணி அவுகளுக்குந்தான் இல்ல.”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை. ஏழரையை வண்டியில் ஏற்றினார்கள்.

எங்கள் குடும்பங்களில் கணவனின் அண்ணனோடு தம்பி மனைவி நேருக்கு நேர் பேசுவதில்லை. பேச வேண்டியதைப் பிள்ளையிடம் சொல்வார்கள். பிள்ளை கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்தப் பிள்ளை நான். இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்கக்கூடிய தூரத்தில் நிற்கும்போதும் நான் இடையில் நின்று திருப்பிச் சொல்லியாக வேண்டும்.

“ஏ புள்ள, இன்னைக்கு எங்க முறைன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லு” என்றார் பெரியப்பா. மோட்டார் வந்த இரண்டாவது வாரம் அது. எங்கள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“இன்னைக்கு அவுக முறையாம்மா” என்றேன்.

“தம்பி முறைய அண்ணன் எத்தன வருசமா தின்னாருன்னு கேளு.”

“தம்பி முறைய எத்தன வருசமா தின்னீங்கன்னு கேக்குறாக பெரியப்பா.”

“எங்க வீட்டுக் கரண்டுல வளந்த வாயின்னு சொல்லு.”

சொன்னேன். ஒரு சொல்லையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. அன்றிலிருந்து முறை என்ற வழக்கமே இல்லாமல் போனது. மோட்டார் ஓடத் தேவையான மும்முனை மின்சாரம் நாளில் சில மணி நேரமே வரும். எந்த மணிக்கு வரும் என்பது வந்த பிறகே தெரியும். வந்ததும் இரு வீட்டிலிருந்தும் ஸ்டார்ட்டரை நோக்கி ஓடுவார்கள். பெரியப்பா முதலில் ஆட்டோ வாங்கிப் பொருத்தினார். மின்சாரம் வந்தவுடன் ஆள் இல்லாமலே மோட்டாரைக் கிளப்பிவிடும் சிறு பெட்டி அது. அடுத்த சனிக்கிழமை எங்கள் ஸ்டார்ட்டரிலும் ஒன்று பொருத்தப்பட்டது. அவர் பத்துக் குதிரைத்திறன் மோட்டாருக்கு மாறினார். அம்மாவும் மாறினாள். தண்ணீர் இறங்க இறங்க அவர் தம் உறிஞ்சு குழாயின் நுனியை எங்களுடையதைவிட ஒரு முழம் ஆழத்தில் இறக்கினார். அம்மா ஆள் வைத்துப் பாறையைக் குடைந்து எங்கள் குழாயை அதற்கும் கீழே இறக்கினாள். ஆழம் கூடியபோதெல்லாம் மோட்டார் திணறியது. திணறியபோதெல்லாம் இன்னும் பெரிய மோட்டாரைப் பற்றிப் பேச்சு எழுந்தது.

அந்த ஆண்டுகளில் இரு பங்கிலும் சேர்த்து ஒரு மல்லிகைச் செடிகூடப் புதிதாக நடப்படவில்லை. ஒரு கூடைப் பூகூட அதிகம் போகவில்லை. கிணற்றில் ஊறிய தண்ணீரும் அதே அளவுதான், சற்றுக் குறைந்திருக்கலாம். கூடியது மின்சாரம் மட்டுமே.

இணைப்பு வந்த 1998 ஜூனிலேயே நான் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் தமிழ் இலக்கியம் படிக்கச் சேர்ந்திருந்தேன். கல்லூரியில் நடந்த நாட்டு நலப்பணி முகாமுக்கு வந்த ஒரு பேச்சாளர், மின்தேவை ஏன் பெருகுகிறது என்று விளக்கினார். மக்கள்தொகை, தொழில், வருமானம், வசதிப் பெருக்கம் என்று விரல் மடக்கினார். எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். கேள்விகள் உண்டா என்றார். என்னிடம் ஒன்று இருந்தது. அதைக் கேட்க என் அம்மாவையும் பெரியம்மாவையும் மேடையில் ஏற்ற வேண்டியிருக்கும் என்பதால் கேட்கவில்லை.

கிணற்றடியில் நடந்ததே வீட்டுக்குள்ளும் நடந்தது. பெரியப்பா வீட்டில் கலர் டிவி வந்தது. கிராமத்து வோல்டேஜ் குறைவு. குறைந்தால் திரையில் படம் நான்கு பக்கமும் சுருங்கி நடுவில் கைக்குட்டை அளவுக்கு நிற்கும். ஞாயிறு மாலை அவர்கள் படம் பார்க்க உட்கார்ந்ததும் அம்மா கிரைண்டரைப் போடுவாள். மாவு தேவைப்படாத நாளிலும் ஒரு கை அரிசியைப் போட்டு ஓட்டுவாள்.

“போட்டுட்டாடா! படம் சுருங்குது பாரு!” என்று பெரியம்மாவின் குரல் வேலியைத் தாண்டி வரும்.

அம்மா கல்லைச் சுற்றி மாவை வழித்துவிட்டபடி, “கதாநாயகி மெலிஞ்சுட்டாளாக்கும்” என்பாள்.

அவர்கள் வோல்டேஜைக் கூட்டித் தரும் ஸ்டெபிலைசர் வாங்கினார்கள். படம் விரிந்தது, எங்கள் குண்டு பல்பு செம்பழுப்பானது. உடனே நாங்களும் ஒன்று வாங்கினோம். எங்கள் வீட்டில் அப்போது டிவி இல்லை. ஸ்டெபிலைசரை வாங்கிய பிறகுதான் டிவி வாங்கினோம். அது வந்த அன்று அம்மா அதன் ஒலியை முழுவதுமாகத் திருகி வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவள் அதைப் பார்த்து நான் அறிந்ததில்லை.

ஞாயிறு காலைகளில் இரு வீட்டாரும் ஒரே மாதா கோவிலுக்குப் போவோம். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக்கொள்ளும் நேரம் வரும். அம்மா முன்வரிசையில், பெரியம்மா அடுத்த வரிசையில். அம்மா திரும்பிக் கைகூப்புவாள். பெரியம்மாவும் கைகூப்புவாள். “சமாதானம்” என்பாள் ஒருத்தி. “சமாதானம்” என்பாள் மற்றவள். இருவர் முகத்திலும் குறை சொல்ல ஒன்றும் இருக்காது. அவர்களைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர்களும் மனம் குளிர்ந்திருக்கலாம். வீடு திரும்பும் வழியில் அம்மா கேட்கும் முதல் கேள்வி, “கரண்ட் வந்துருச்சா பாரு” என்பதாகவே இருக்கும்.

1999-இன் மழை ஏமாற்றியது. 2000-ஆம் ஆண்டு கோடை தொடங்கியபோது நான் இரண்டாம் ஆண்டை முடித்துக்கொண்டிருந்தேன். அந்தக் கோடையின் பூவை வைத்தே என் மூன்றாம் ஆண்டு. அம்மா அதை மார்ச் மாதத்திலேயே சொல்லிவிட்டாள்: “சித்திரைப் பூவு வந்தா நீ காலேஜு போவ. வராட்டி மில்லு இருக்கு.” வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளுக்கு எங்கள் ஊரிலிருந்தே பெண்களை ஏற்றிப்போக வேன் வந்துகொண்டிருந்தது. நான் அன்றிலிருந்து செடிகளைத் தினமும் பார்த்தேன். என் வாழ்க்கையில் எதையும் அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை.

அந்தக் கோடையில் எங்கள் டிரான்ஸ்பார்மரில் மின்சாரம் வந்த அடுத்த நொடியே பியூஸ் போனது. மறுபடி போட்டார்கள், மறுபடி போனது. லைன்மேனுக்குக் காரணம் தெரிந்திருந்தது. கிணற்றடிக்கு வந்து இரு ஸ்டார்ட்டர்களையும் பார்த்துவிட்டு, பெரியப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டார்.

“ரெண்டும் ஆட்டோல கெடக்கு. கரண்ட் வந்ததும் ரெண்டு பத்துக் குதிரையும் ஒரே நேரத்துல மூச்சு வாங்குது. கெளம்புறப்பத்தான் மோட்டாரு ரொம்ப இழுக்கும். ஒருத்தரு ஆட்டோவக் கழட்டுங்க. இன்னொருத்தரோட மோட்டாரு கெளம்பி அஞ்சு நிமிசம் கழிச்சுக் கையால போடுங்க. ரெண்டு பேருக்கும் ஓடும்.”

“எங்களதுதான மொத இணைப்பு. நாங்க மொத போடுறோம்னு சொல்லு” என்றார் பெரியப்பா என்னிடம்.

“அஞ்சு நிமிசத்துல அவுக கெணத்தையே குடிச்சுருவாகன்னு சொல்லு” என்றாள் அம்மா என்னிடம்.

லைன்மேன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “பாப்பா, நீயாச்சும் படிக்கிற புள்ள. எடுத்துச் சொல்லு.”

“ஒருநாள் விட்டு ஒருநாள் யார் முதல்ல போடுறதுன்னு வச்சுக்கலாமே” என்றேன். எனக்குத் தெரிந்த நியாயம் அதுதான். எங்கள் வீட்டில் முறை என்று அதைத்தான் சொல்லிவந்தார்கள்.

இருவரும் இரண்டு ஆண்டுகளில் முதல்முறையாக ஒரே சமயத்தில் ஒரே பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். லைன்மேன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, “எரிஞ்சாத்தான் அடங்குவீங்க” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறினார்.

ஏப்ரல் நடுவில் எரிந்தது. பகல் இரண்டு மணி இருக்கும். மின்சாரம் வந்தது, இரண்டு ஆட்டோவும் ஒன்றாகச் சொடுக்கின, கம்பத்துப் பக்கமிருந்து வெடி போல ஒரு சத்தம் வந்தது. போய்ப் பார்த்தபோது டிரான்ஸ்பார்மரிலிருந்து எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. கோடையில் எல்லா ஊரிலும் எரிகிறது, மாற்று வர வாரக்கணக்காகும் என்றார்கள். எங்களோடு அந்தக் கம்பத்தை நம்பிய மற்றத் தோட்டங்களும் நின்றன. அவர்கள் எங்கள் இரு வீட்டையும் கடந்து போகும்போது காறித் துப்பினார்கள். நியாயம்தான்.

மொட்டு பிடித்திருந்த நேரம். மூன்றாம் நாளே நுனி இலைகள் துவண்டன. ஒரு வாரத்தில் மொட்டுகள் பழுப்பேறி, தொட்டால் உதிர்ந்தன. அப்போதுதான் சாலைக்கு மேற்கே நிலம் வைத்திருந்தவர் அம்மாவைத் தேடி வந்தார். அவரிடம் ஆயில் என்ஜின் இருந்தது, கிணற்றில் தண்ணீரும் இருந்தது. சோளம் அறுத்துவிட்டதால் அவருக்கு அப்போது தேவையில்லை. அப்பாவோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்.

“டீசல் மட்டும் ஊத்திக்கம்மா. டிரான்ஸ்பார்மர் வார வரைக்கும் எடுத்துக்க. வாய்க்கால்ல விட்டா நேரா ஒன் தோட்டத்துக்கு வந்துரும்.”

வாய்க்கால் நேராக வராது. அது பெரியப்பாவின் தோட்டத்தின் நீளம் முழுவதும் ஓடி, பிறகுதான் எங்கள் எல்லைக்குள் நுழையும். மண் வாய்க்கால், போகும் வழியெல்லாம் இரு கரையிலும் ஊறும். அம்மா அவரை நன்றி சொல்லி அனுப்பிவிட்டு, பெரியப்பாவிடம் கேட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினாள்.

“தாராளமா விடச் சொல்லு” என்றார் பெரியப்பா. “பாவம், பயிரு வாடுது. எங்க பக்கம் கரையெல்லாம் நானே சரிபண்ணித் தாரேன்.”

திரும்பி வந்து சொன்னேன்.

“அவுக மொகம் எப்புடி இருந்துச்சு?”

“எப்பவும் போலத்தான்.”

“கரைய அவுகளே சரிபண்ணித் தாராகளாமா?”

“ஆமாம்மா.”

அம்மா எழுந்து வெளியே போய் வாய்க்கால் ஓடும் பாதையைப் பார்த்தபடி நின்றாள். அவள் கண் அந்தக் கரையோரம் இருந்த அவர்கள் செடிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனதை நான் பார்த்தேன். உள்ளே வந்தாள்.

“வேணாம்னு சொல்லிரு.”

“அம்மா, கரையோரம் ஒரு வரிசைக்குத்தான் ஊறும். நமக்குத் தோட்டம் முழுக்கத் தண்ணி வரும்.”

“ஒரு வரிசை பொழைக்குமுல்ல?”

“பொழைக்கட்டுமே!”

“ஏண்டி, எந்திரிச்சு எந்திரிச்சு அவுக பூவப் பறிச்சது நீயா நானா? நான் ஊத்துற டீசல்ல அவுக செடி ஒரு சொட்டு குடிச்சாலும் எனக்கு அந்தத் தண்ணி வேணாம்.”

“நம்ம செடி செத்துரும்மா. நான் காலேஜு போக முடியாது.”

“அவுகளோடதும் சாகும்” என்றாள். குரலை உயர்த்தவில்லை. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்ததை, இணைப்பு வந்த அன்று மதியம் சோறு உண்டபோது பார்த்திருந்தேன்.

நானும் சில நாள் தெருக்குழாயிலிருந்து குடத்தில் கொண்டுபோய் ஊற்றிப் பார்த்தேன். குடத்தால் தோட்டம் நனையாது. குடிதண்ணீரைச் செடிக்கு ஊற்றுகிறாள் என்று தெருவில் சத்தம் போட்டார்கள், நிறுத்திக்கொண்டேன். மே மாதத்தில் இரு பங்கும் ஒரே நிறமாயின. எல்லைக் கல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தால்தான் தெரிந்தது. இந்தப் பக்கம் செடிகளின் தண்டைக் கிள்ளிப் பார்த்து, உள்ளே பச்சை இல்லை என்று உறுதிசெய்துகொண்ட அம்மா, பிறகு எல்லைக் கல்லோரம் போய்க் கையை நீட்டி அந்தப் பக்கத்துச் செடி ஒன்றையும் கிள்ளிப் பார்த்தாள்.

ஜூன் முதல் வாரத்தில் டிரான்ஸ்பார்மர் வந்தது. பழையதைவிடப் பெரியது. ஜீப்பில் ஓர் இளம் அதிகாரியும் வந்திருந்தார். நட்டு, இணைத்து, சோதித்து முடிந்ததும் கைகளைத் துடைத்துக்கொண்டு, கூடிநின்றவர்களிடம், “இந்த ஏரியாவுல டிமாண்ட் கூடிப்போச்சு. அதான் பெருசாக் குடுத்திருக்கோம். ஊரு வளருதுல்ல” என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை. ஊர்க்காரர்கள் சிலர் தலையாட்டினார்கள். அவருக்குப் பின்னால், வெளேரென்று காய்ந்து நின்ற இரண்டு தோட்டங்களை அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் டிமாண்ட் கூடியது பொய் ஆகியிராது.

“இனிமே ரெண்டையும் ஒண்ணாப் போட்டாலும் தாங்கும்” என்றார் லைன்மேன், அம்மாவிடம். “என்னத்துக்குப் போடப் போறீங்களோ, அது வேற விசயம்.”

பிற்பகல் மூன்று மணிக்கு மும்முனை மின்சாரம் வந்தது. முதலில் பெரியப்பாவின் ஆட்டோ சொடுக்கியது. அதே மூச்சில் எங்களுடையதும். எதுவும் வெடிக்கவில்லை. இத்தனை வாரங்களில் கிணற்றில் ஊறி நின்ற தண்ணீர் இரண்டு குழாய்களிலும் பொங்கி வந்தது. தொட்டி நிறைந்து, வாய்க்காலில் ஓடி, செத்த செடிகளின் பாத்திகளில் நிறைந்து நின்றது. அவர்கள் பாத்திகளிலும் அப்படியே.

நான் ஸ்டார்ட்டர் பெட்டியருகே போனேன்.

“எதுக்குப் போற?” என்றாள் அம்மா.

“நிறுத்த. பாய்ச்சறதுக்கு என்ன இருக்கு? செடியே இல்லையேம்மா.”

“அவுக நிறுத்திட்டாகளா?”

“இல்ல.”

“அப்ப ஓடட்டும். செடி செத்தா பங்கும் செத்துருமா?”

நான் பெட்டியைத் தொடாமல் அவள் அருகே வந்து நின்றேன். தண்ணீர் இறங்கிக் குழாய்கள் காற்றை உறிஞ்சும் வரை இரண்டு மோட்டார்களும் ஓடின. அதன் பிறகும் சற்று நேரம் ஓடின. அவ்வளவு நேரமும் அம்மா கண்ணை எடுக்காமல் இரண்டு குழாய்களையுமே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டில் எது முதலில் வற்றுகிறது என்று. அவர்களுடையது வற்றியது.

“மில்லுல சொல்லி வச்சுட்டேன்” என்றாள், அங்கிருந்து திரும்பும்போது. “காலையில வண்டி வரும். ரெண்டு பாவாட தாவணி எடுத்து வச்சுக்க. அங்கனயே தங்கிக்கலாமாம்.”

“மூணாவது வருசம் ஒண்ணுதாம்மா பாக்கி.”

“பூவுல படிச்ச. பூ போச்சு.”

பிறகு நான் அஞ்சல் வழியில் அந்த ஒரு வருடத்தை முடித்து, இப்போது மேலே படிக்கிறேன் என்பது வேறு கதை. மில் விடுதியில், ஷிப்ட் முடிந்த நேரங்களில் நடந்தது அந்தப் படிப்பு. அன்று அப்படி ஒரு வழி இருப்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முன்பே நூற்பாலை வேன் சாலையோரம் வந்து நின்றது. ஓட்டுநர் ஹார்ன் அடித்தார். உள்ளே பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். பையை மடியில் வைத்துக்கொண்டால் இடம் கொள்ளும் என்று ஒருத்தி சொன்னாள். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.